ரிப்போர்ட்டில் 48 என்று இருக்கிறது, டாக்டர்…

கேள்வி: எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன்பு என் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அப்போது அவருக்கு 61 வயது. வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடுகிறது என்று எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கீமோ நடந்தபோது சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுத்தார்கள். அது 1,200-இலிருந்து 20-க்கு இறங்கிய அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். ஒன்றரை வருடத்தில் திரும்பவும் ஏறிவிட்டது.

போன மாதம் ஒரு லேபில் பெண்களுக்கான புற்றுநோய் பேக்கேஜ் எடுத்துக்கொண்டேன். எனக்குச் சிஏ-125 48 வந்திருக்கிறது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். பக்கத்தில் சிவப்பில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. (விடுமுறை கிடைத்த நாளில் போனதால் மாதவிடாயின் இரண்டாம் நாளில் ரத்தம் கொடுத்தேன். அதனால் ஏதும் வித்தியாசம் வருமா?) கர்ப்பப்பையில் சிறிய ஃபைப்ராய்டு கட்டி இருப்பதாக முன்பே சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார் என் நாத்தனார். இது புற்றுநோயா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்டை எடுத்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமா? அம்மாவுக்கு இதை முன்பே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா?

பின்குறிப்பு: என் சித்திக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருக்கிறார். அது வேறு நோய்தானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என்னிடம் வருகிறவர்களில் பலர் மிக முக்கியமான விஷயத்தை எழுந்து கதவு வரை போன பிறகுதான் சொல்வார்கள். “அப்புறம் டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்…” உங்கள் கடிதத்தில் அது பின்குறிப்பாக வந்திருக்கிறது. சித்தியைப் பற்றிய அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலே இவ்வளவு நீளம். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த 48.

சிஏ-125 என்பது புற்றுநோய் மட்டுமே உண்டாக்கும் பொருள் அல்ல. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு, நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வு, கர்ப்பப்பையின் உள்வரி, கருக்குழாய் எல்லாமே இந்தப் புரதத்தைத் தயாரிக்கின்றன. அந்தச் சவ்வுகளில் எங்கே எரிச்சல் ஏற்பட்டாலும் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். மாதவிடாய் நாட்களில் ஏறும். கர்ப்ப காலத்தின் தொடக்கத்தில் ஏறும். ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்வரி போன்ற திசு வெளியே வளர்வது), இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் சுருக்கம், இதயம் பலவீனமாகி நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்வது என்று எதிலும் ஏறலாம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள், மாதவிடாயின் இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்ததால் வித்தியாசம் வருமா என்று. வரும். அதோடு ஃபைப்ராய்டும் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் 44 வயதுப் பெண்ணுக்கு 48 என்பது எனக்கு வியப்பே தரவில்லை.

அந்த 35 எப்படி வந்தது என்று தெரிந்தால் சிவப்பு அம்புக்குறியின் மிரட்டல் பாதி குறைந்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் சினைப்பைப் புற்றுச் செல்களோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கினார்கள். 1983-இல் அதை வைத்து ரத்தப் பரிசோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 888 பேரின் ரத்தத்தை அளந்தபோது நூற்றில் ஒருவருக்குத்தான் 35-க்கு மேல் இருந்தது. அந்த 888 பேரில் ஆண்களும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் இருந்த 101 பேரில் 82 சதவீதத்தினருக்கு 35-க்கு மேல். சரி, கோட்டை இங்கே போடுவோம் என்று போட்டார்கள். 34 என்றால் பத்திரம், 36 என்றால் ஆபத்து என்று உடம்பில் எந்தக் கோடும் கிடையாது. அதிலும் மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களுக்கு அந்தக் கோடு சரியாகப் பொருந்துவதே இல்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன ஒருவருக்கு 48 வந்தால் நான் வேறு மாதிரிதான் யோசிப்பேன். உங்கள் ரிப்போர்ட்டில் உங்கள் வயதையோ மாதவிடாய் நாளையோ பார்த்து அந்த அம்புக்குறியை யாரும் போடவில்லை. கம்ப்யூட்டர் போட்டது.

இந்த எண்ணை நம்பிக் கெட்ட கதை ஒன்று என்னிடமும் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வயிறு நிறைய நீரோடு வந்தார். சிஏ-125 500-க்கு மேல். ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் ஏதோ திரண்டு இருந்தது. புற்றுநோய்தான் என்று முடிவு கட்டி வயிற்றைத் திறந்தேன். உள்ளே ஜவ்வரிசியை இறைத்தது மாதிரி சவ்வு முழுக்க வெள்ளை மணிகள். காசநோய். ஆறு மாத மாத்திரையில் குணமாகியிருக்க வேண்டியவருக்கு வயிற்றில் ஒரு நீளத் தழும்பை நான் கொடுத்துவிட்டேன். வயிற்றுக் காசநோய் அதிகம் காணப்படும் நம் நாட்டில், இளவயதுப் பெண்ணுக்கு இந்த எண் சில நூறுகளில் இருந்தாலும் முதலில் வயிற்று நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஊசி வழியே சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தி. இதை நான் அந்தப் பெண்ணிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் சிஏ-125 நல்ல வேலை செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். 1,200 என்பது 20 ஆனது. அதனால்தான் அதன் மேல் உங்களுக்கு இத்தனை நம்பிக்கை. ஆனால் அங்கே நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும், மருந்து வேலை செய்கிறதா என்றுதான் பார்த்தார்கள். நம் அடுப்பில் இருக்கும் பாலைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது ஒரு வேலை. ஊரில் எந்த வீட்டில் பால் பொங்கப்போகிறது என்று தெருமுனையில் நின்று வாசனை பிடிப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு சிஏ-125 கெட்டிக்காரத்தனமான பரிசோதனை. இரண்டாவது வேலைக்கு அதை எத்தனையோ விதமாகப் பழக்கிப் பார்த்தார்கள், படியவில்லை.

ஏன் படியவில்லை என்பதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். நீங்கள் ஆசிரியை, பொறுத்துக்கொள்வீர்கள். மாதவிடாய் நின்ற 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 4 பேருக்கு இந்த நோய் வரும். அத்தனை அரிது. நம் கையில் ஓர் அருமையான ரத்தப் பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 4 பேரில் 3 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று விட்டுவிடும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதம் என்பது 10,000-இல் சுமார் 100 பேர். ஆக, ‘உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று 103 பேருக்குப் போன் போகும், அதில் 3 பேருக்குத்தான் நோய். மார்பகத்தில் சந்தேகம் என்றால் ஊசி போட்டுப் பார்க்கலாம். சினைப்பை அப்படி அல்ல. அதை ஊசியால் குத்தினால், உள்ளே புற்று இருக்கும்பட்சத்தில் அது வயிற்றுக்குள் சிந்திவிடும் என்று பயப்படுவோம். அதனால் சந்தேகம் தீர வேண்டுமானால் பல நேரம் ஆபரேஷன்தான். உங்கள் வயதில் நோய் இன்னும் அரிது, வீண் அபாய மணி இன்னும் அதிகம்.

இது வெறும் கரும்பலகைக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான 78,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் சிஏ-125-உம் ஸ்கேனும் எடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் 3,285 பேருக்குப் பொய்யாக மணி அடித்திருந்தது. அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் வரை போனார்கள். அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஒன்றாவது ஏற்பட்டது. இவர்கள் அத்தனை பேரும் புற்றுநோய் இல்லாதவர்கள் என்பதை மறக்க வேண்டாம். இத்தனைக்கும் பிறகு இறப்பு குறைந்ததா என்றால், இல்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களில் 118 பேரும் மற்றவர்களில் 100 பேரும் சினைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள்.

‘ஒரே ஒரு எண்ணைப் பார்த்ததால்தான் தோற்றார்கள், அது வருடா வருடம் எப்படி ஏறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும்’ என்று சொன்னவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். நியாயமான வாதம். ஒரு பெண்ணுக்கு 10, 11, 10 என்று இருந்து திடீரென 22 ஆனால், அது 35-க்குக் கீழே இருந்தாலும் கவனிக்கத்தானே வேண்டும்? அயன் ஜேக்கப்ஸ், உஷா மேனன் ஆகியோர் தலைமையில் 2001 முதல் 2005 வரை 50 வயது தாண்டிய 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். சுமார் 50,000 பேருக்கு ஆண்டுதோறும் ரத்தம் எடுத்து, ஏறும் போக்கைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் ஸ்கேன். இன்னொரு 50,000 பேருக்கு ஸ்கேன் மட்டும். மீதி ஒரு லட்சம் பேருக்கு எதுவும் இல்லை. சராசரியாக 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மருத்துவ உலகில் இவ்வளவு பொறுமையைப் பார்ப்பது அபூர்வம். நாங்கள் எல்லோரும் அந்த முடிவுக்காகத்தான் காத்திருந்தோம். 2021-இல் அது வந்தது. ரத்தப் பரிசோதனைக் குழுவில் முதல் இரண்டு கட்டங்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 39 சதவீதம் அதிகம். முற்றிய கட்டத்தில் வந்தவர்கள் 10 சதவீதம் குறைவு. ஆனால் இந்த நோயால் இறந்தவர்கள்? மூன்று குழுக்களிலும் ஒரே அளவு, ஆயிரத்துக்கு ஆறு பேர்.

முன்கூட்டிக் கண்டுபிடித்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? இதற்கான பதிலின் ஒரு பகுதி நோய் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்லும் நோயின் மிகப் பரவலான, மிக மோசமான வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் நுனியில், சினைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும் விரல் போன்ற ஓரங்களில் தொடங்குகிறது. அங்கே வருடக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அதன் அளவு 3 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஒரு கடுகளவு திசு ரத்தத்தில் எவ்வளவு புரதத்தைக் கொட்டிவிட முடியும்? உடம்பின் மற்ற சவ்வுகள் தினமும் கொட்டும் சிஏ-125-இல் அது கரைந்துபோகும். ரத்தத்தில் தெரியும் அளவுக்கு அது வளரும்போது, அதிலிருந்து உதிர்ந்த செல்கள் வயிறு முழுக்க இடம் பிடித்திருக்கும். நடுவில் தடுக்கச் சுவர் எதுவும் இல்லை. மணி அடிக்கத்தான் செய்கிறது. திருடன் உள்ளே வந்த பிறகு அடிக்கிறது.

இங்கே உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. கடிதம் முழுக்க அந்தக் கேள்விக்காகத்தான் எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு முன்பே எடுத்திருந்தால்? வருடா வருடம் தவறாமல் ரத்தம் எடுத்து, நிபுணர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த ஐம்பதாயிரம் பெண்களிலேயே இறப்பு குறையவில்லை. அதனால், நீங்கள் ஒரு டெஸ்ட் எடுக்கத் தவறியதால் அம்மா போய்விட்டார் என்று நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு தப்பு. எட்டு மாதக் கேஸ் மாத்திரையைப் பற்றி மட்டும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். அந்த அறிகுறிகளுக்கு முன்னதாக ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே, வயிற்றில் நீர் கோக்கும் முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கலாம். முடிவு மாறியிருக்குமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதை யோசித்திருக்க வேண்டியவர்கள் மாத்திரை எழுதிய எங்கள் தொழில்காரர்கள், நீங்கள் அல்ல.

ஐம்பதை ஒட்டிய, தாண்டிய பெண்கள் இருக்கும் வீடுகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்க ஓடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, முன்பு இல்லாமல் புதிதாக வந்து, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் அது கேஸ் அல்ல என்று நிரூபணமாகும் வரை ஸ்கேன்தான் வழி. அப்போது சிஏ-125-உம் எடுக்கலாம். பிரிட்டனின் 2011 வழிகாட்டுதல் இந்த அறிகுறிகள் உள்ளவர்களுக்கு முதலில் சிஏ-125, அது ஏறியிருந்தால் ஸ்கேன் என்றது. அறிகுறி இருப்பவருக்கு அது உதவும். அறிகுறியே இல்லாதவருக்கு பேக்கேஜில் போட்டு எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் பரம்பரை ஆபத்து இல்லாத, அறிகுறி இல்லாத பெண்களுக்கு 2018-இல் இதையேதான் சொன்னது.

‘சிஏ-125 பழசு, புதிதாக ஏதோ வந்திருக்கிறதாமே’ என்று அடுத்த பேக்கேஜ்காரர் சொல்லுவார். அதனால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்ஈ4 என்ற இன்னொரு புரதம் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அவ்வளவாக ஏறாது என்பது அதன் நல்ல குணம், சிறுநீரகம் பழுதானால் ஏறிவிடும் என்பது கெட்ட குணம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறைக்கு ரோமா என்று பெயர். ஓவா1 என்று ஐந்து புரதங்களைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. இவை எல்லாமே ஸ்கேனில் ஏற்கெனவே கட்டி தெரிந்த பெண்களுக்கானவை. அந்தக் கட்டியை ஊரிலேயே எடுக்கலாமா, புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும். கட்டியே இல்லாதவரிடம் நோயைத் தேட அல்ல.

இந்தத் துறையில் அவசரப்பட்டு மூக்குடைந்தவர்களும் உண்டு. 2002-இல் ஒரு துளி ரத்தத்தின் புரதக் கோலத்தைப் பார்த்து, 50 புற்றுநோயாளிகளில் 50 பேரையும் சரியாகக் கண்டுபிடித்ததாக ஒரு கட்டுரை வந்தது. உலகமே கொண்டாடியது. பிறகு புள்ளியியல் நிபுணர்கள் அந்தத் தரவுகளை எடுத்துக் கிளறினார்கள். நோயின் அடையாளம் என்று நினைத்ததில் இயந்திரத்தின் கோளாறும், மாதிரிகளைக் கையாண்ட விதமும் கலந்திருந்தன. 2008-இல் ஓவாஷ்யூர் என்ற பரிசோதனை அமெரிக்கச் சந்தைக்கு ஜூனில் வந்து, அரசின் எச்சரிக்கைக்குப் பிறகு அக்டோபரில் காணாமல் போனது. ரத்தத்தில் மிதக்கும் புற்று மரபணுத் துணுக்குகளைத் தேடும் வேலை இப்போது நடக்கிறது. எனக்கு அதில் ஆர்வம் உண்டு. பிரிட்டனில் 1,40,000 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆனால் உயிர் காக்கிறது என்று நிரூபணமாகும் வரை என் சொந்தத் தங்கைக்கு அதை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

சரி, இப்போது சித்தி.

சித்தி என்றால் அம்மாவின் தங்கைதானே? ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்று, இன்னொருவருக்கு 50 வயதுக்கு முன்பே மார்பகப் புற்று. வேறு வேறு உறுப்புதான். ஆனால் வேர் ஒன்றாக இருக்கலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருந்தால் இந்த இரண்டு நோய்களும் ஒரே குடும்பத்தில் வரும். சினைப்பைப் புற்றின் அந்தப் பரவலான வகையில் ஆறு பேரில் ஒருவருக்காவது இந்தப் பழுது இருக்கிறது. ‘அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது’ என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பிஆர்சிஏ1-இல் 185டெல்ஏஜி என்று ஒரு குறிப்பிட்ட எழுத்துப்பிழை உண்டு. ஐரோப்பிய யூதர்களிடம் பேர்பெற்றது. அதே பிழை தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

பொதுவாகப் பெண்களில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் வாழ்நாளில் வரும் சினைப்பைப் புற்று, பிஆர்சிஏ1 பழுது உள்ளவர்களில் நூற்றில் சுமார் 40 பேருக்கு வருகிறது. பிஆர்சிஏ2 என்றால் 15 பேரை ஒட்டி. அதனால், நீங்கள் உங்கள் ரத்தத்திடம் ‘எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதா?’ என்று கேட்டீர்கள், அதற்கு அதால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ‘அம்மாவிடமிருந்து எனக்கு அது இறங்கியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். இதற்கு அதே ரத்தம் பெரும்பாலும் தெளிவாகப் பதில் சொல்லும்.

ஆனால் இந்தப் பரிசோதனைக்கு நேராக நீங்கள் ஓட வேண்டாம். முதலில் சித்தியைக் கேளுங்கள். நோய் வந்தவரிடம் தேடுவதுதான் முறை. சித்தியிடம் பழுது கிடைத்தால், உங்களிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். உங்களிடம் அது இல்லையென்றால் உங்கள் ஆபத்து ஏறக்குறைய மற்ற பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். சித்தி தயங்கினால் அல்லது அவரிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால், அதன்பின் நீங்கள் செய்துகொள்ளலாம். மரபணு ஆலோசகரோ பரம்பரைப் புற்றுநோய்க்கான கிளினிக்கோ உள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். ரிசல்ட்டில் சில நேரம் ‘மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் இன்னும் தெரியவில்லை’ என்றும் வரும். அப்படி வந்தால் அதை வைத்து ஆபரேஷன் எதுவும் செய்யக் கூடாது. இதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இந்த டெஸ்டை எடுக்காதீர்கள். இன்னொரு விஷயம்: உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும். ஆண்கள் வழியாகவும் பழுது இறங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ‘எங்க அப்பா வீட்டுப் பக்கம்தான் இருக்கு, எனக்கு வராது’ என்பதெல்லாம் சரியில்லை.

பழுது இருப்பது உறுதியானால்? அப்போது சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் நோய் வரும் முன்பே எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுவோம். பிஆர்சிஏ1 என்றால் 35-லிருந்து 40-க்குள், பிஆர்சிஏ2 என்றால் 40-லிருந்து 45-க்குள் என்பது வழக்கம். உங்களுக்கு 44 ஆகிறது, ரொம்பத் தள்ளிப்போட முடியாது. சாவித்துளை ஆபரேஷன்தான். சினைப்பைப் புற்றின் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறையும். சும்மா வருவதில்லை அந்தக் குறைவு. மாதவிடாய் ஒரே நாளில் நின்றுபோகும், உடம்பு திடீரெனக் காந்தும், தூக்கம் கெடும், எலும்பைக் கவனிக்க வேண்டும். மார்பகப் புற்று வராதவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி வரை ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். மார்பகத்துக்குத் தனியாகக் கண்காணிப்பு வேண்டும். ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிற பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிஏ-125-இன் போக்கைப் பார்ப்பதைப் பிரிட்டனில் முயன்றிருக்கிறார்கள். நோயைச் சற்று முன்னதாகப் பிடிக்க முடிந்தது. ஆனால் அதை ஆபரேஷனுக்கு மாற்றாக அவர்களே சொல்லவில்லை.

நாத்தனாரின் யோசனைக்கு வருவோம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் சினைப்பைப் புற்றுக்கு அது தடுப்பு ஆகாது. சினைப்பை அங்கேயேதான் இருக்கும். உங்கள் சிறிய ஃபைப்ராய்டு ரத்தப்போக்கோ வலியோ தராவிட்டால் அதற்காக எதையும் எடுக்க வேண்டியதில்லை. எப்போதாவது வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால், கருக்குழாய்களையும் கூடவே எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல் இதை ஊக்குவிக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்திருந்தால் அதுவும் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பழுது உள்ளவருக்கு அது போதாது.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது: அம்மாவின் வரலாறு இருப்பதால், இந்த மாதமே நல்ல ஒரு ஸ்கேன் நிபுணரிடம் பிறப்புறுப்பு வழியே எடுக்கும் ஸ்கேனைச் செய்துகொள்ளுங்கள். அதில் சினைப்பைகள் ஒழுங்காக இருந்தால், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு, அதே லேபில் சிஏ-125-ஐ இன்னும் ஒரே ஒரு முறை எடுங்கள். லேப் மாறினால் கருவி மாறும், எண்ணும் மாறும், நீங்கள் இன்னொரு மாதம் தூங்க மாட்டீர்கள். பயோட்டின் கலந்த முடி, நக மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள், சில கருவிகளை அது குழப்பும். எண் இறங்கினாலோ அங்கேயே நின்றாலோ அதோடு விட்டுவிடலாம். ஏறிக்கொண்டே போனால், அல்லது ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால், பெண்கள் புற்றுநோய் அறுவை நிபுணர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போட வேண்டாம்.

அம்மாவின் சிகிச்சை ஃபைல் வீட்டில் எங்காவது இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் கிடக்கும், பிரிக்க யாருக்கும் மனசு வராது. உங்களால் முடியாவிட்டால் வேறு யாரையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பயாப்ஸி ரிப்போர்ட் என்று ஒரு தாள் இருக்கும். புற்று எந்த வகை என்று அதில்தான் எழுதியிருக்கும், மேல் மூலையில் ஓர் எண்ணும் இருக்கும். அம்மாவின் உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, அந்த எண்ணைப் போட்டு மருத்துவமனையின் நோயியல் துறையில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். சித்தியிடம் பதில் கிடைக்காவிட்டால் அந்த மெழுகுத் துண்டிலிருந்துகூடப் பிஆர்சிஏ-வைப் பார்க்க முடியும். எல்லா இடத்திலும் எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் தாமதிக்காமல் அந்த எண்ணோடு போய் விசாரியுங்கள். 48 என்று போட்ட உங்கள் ரிப்போர்ட்டையும் அந்த ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதை வெளியே எடுத்தால் போதும்.